நெய்யூர் டாக்டரின் படங்களும் அம்மையின் வெற்றிலைப் பெட்டியும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து திண்ணையில் கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். சென்னையில் ஓவியம் படிக்கிற பேத்தியிடமிருந்து போன் வந்தது. அவளும் கூடப் படிக்கிற பிள்ளைகளும் தாங்கள் வரைந்த படங்களை ஒரு ஹாலில் மாட்டி, விற்கிற பணத்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுக்கப்போகிறார்களாம்.

"பாட்டா, நம்ம ஊர்ப் பக்கம் இதைப் பத்தி ஏதாவது கதை உண்டா? நோட்டீஸில நாலு வரி போடணும்" என்றாள்.

நாலு வரிதான் கேட்டாள். நான் பேச ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. கடைசியில், "பாட்டா, எனக்கு கிளாஸ் இருக்கு, எழுதி அனுப்புங்க" என்று வைத்துவிட்டாள். அப்படி எழுத உட்கார்ந்ததுதான் இது. இதில் அவளிடம் சொன்னதும் உண்டு, சொல்லாமல் விட்டதும் உண்டு.

முதலில் பாரிஸ் கதை. அப்பா பிழைப்புக்காகக் காரைக்காலில் இருந்த வருஷங்களில் நான் அங்கே பிரெஞ்சு வழியில் படித்தேன். எங்கள் பாடப் புத்தகத்தில் லூயி பாஸ்தேர் இல்லாத வகுப்பே கிடையாது. இங்கிலீஷில் பாஸ்டர் என்பார்கள். எங்கள் வாத்தியார் முன் அப்படிச் சொன்னால் காது போய்விடும். வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பையன் ஜோசப் மைஸ்தேருக்கு 1885 ஜூலையில் அவர் ஊசி போட்டுக் காப்பாற்றிய கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பிறகு நடந்ததை அதிகம் பேர் சொல்வதில்லை.

ஊசிக்காக நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். 1886 மார்ச்சுக்குள் 350 பேருக்குச் சிகிச்சை நடந்திருந்தது. இருந்த இடம் போதவில்லை. மேற்கொண்டு ஆராய்ச்சி செய்ய ஒரு நிறுவனம் வேண்டும் என்று பொதுமக்களிடம் நன்கொடை கேட்டார்கள். ரஷ்யச் சக்கரவர்த்தியும் கொடுத்தார், சாதாரணக் கூலிக்காரரும் கொடுத்தார்கள். அந்த நிதிக்காக 1886 மே 11ஆம் தேதி பாரிஸின் துரொகதேரோ மாளிகையில் ஒரு பெரிய கலை விழா நடந்தது. குனோ, சேன்-சான்ஸ், மாஸ்னே போன்ற பெரிய இசை மேதைகள் அதில் பங்கெடுத்தார்கள். அன்று இரவு விருந்தில் பாஸ்தேர் அவர்களைப் பார்த்து, உங்களில் பெரும்பாலோரின் இசையை நான் இன்றுதான் முதல்முதலாகக் கேட்கிறேன் என்ற பொருளில் பேசினாராம். ஆயுள் முழுவதும் பொழுதுசாய்ந்தும் ஆராய்ச்சிக்கூடத்திலேயே கிடந்த மனுஷன். பாட்டு கேட்க நேரமில்லாதவருக்குப் பாட்டுக்காரர்கள் காசு திரட்டிக் கொடுத்தார்கள். மொத்த வசூல் 25 லட்சம் பிராங்குக்கு மேல். 1888 நவம்பர் 14ஆம் தேதி பாஸ்தேர் நிறுவனம் திறக்கப்பட்டது.

ஆனால் அவர் கலை தெரியாதவர் அல்ல. சின்ன வயதில் அருமையாகப் படம் வரைவார். பதின்மூன்று வயதில் தன் அம்மாவை வண்ணக் கட்டிகளால் வரைந்த படம் இப்போதும் பத்திரமாக இருக்கிறது. பத்தொன்பது, இருபது வயதில் அதை விட்டுவிட்டார். இதைச் சொன்னதும் பேத்திக்கு வருத்தம். "ஏன் விட்டாரு?" என்றாள். அவர் விட்டதால்தான் நாய் கடித்தவனெல்லாம் பிழைத்தான் மக்ளே என்றேன்.

நம் தலைமுறைக்கு அந்த ஊசி குன்னூர் என்ற பெயரில்தான் தெரியும். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. மருந்து குன்னூரிலிருந்து வர வேண்டும். 1907இல் திறந்த அந்தக் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கும் ஒரு தனிமனிதரின் கொடைதான் அடித்தளம். ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் இந்தியாவுக்குக் கொடுத்த பணத்தின் ஒரு பகுதி அது. நம்மூர்ப் பையன் பிழைத்ததில் ஊர் பேர் தெரியாத ஆட்களின் காசு இருந்திருக்கிறது.

இரண்டாவது கதை என் உத்தியோகத்தோடு சேர்ந்தது. அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர்களுக்கு அக்டோபர் மாதம் வந்தால் ஒரு தலைவலி உண்டு. காந்தி ஜெயந்தியன்று டி.பி. சீல் விற்பனை தொடங்கும். தபால்தலை மாதிரி சின்னச் சின்னப் படம், தாள் தாளாக வரும். ஒவ்வொரு குமாஸ்தாவுக்கும் இத்தனை தாள் என்று மேலிடத்திலிருந்து பங்கு வந்துவிடும். வருமானச் சான்றிதழுக்கு வந்தவரிடமும் பட்டா மாற்றத்துக்கு வந்தவரிடமும் அதை நீட்ட வேண்டும். சிலர் வாங்குவார்கள், சிலர் முறைப்பார்கள். விற்காததை நாங்களே வாங்கிக் கடிதங்களில் ஒட்டித் தீர்ப்போம். அன்று அது எனக்கு வெறும் தொல்லை.

அந்த சீலைக் கண்டுபிடித்தவர் எங்கள் ஜாதி, குமாஸ்தா ஜாதி, என்று பிறகுதான் தெரிந்தது. டென்மார்க்கில் ஐனார் ஹோல்போல் என்ற தபால் ஆபீஸ் ஊழியர். கிறிஸ்துமஸ் நேரத்தில் மலை போல் குவிகிற வாழ்த்துக் கடிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு சின்னப் படத்தை ஒட்டச் செய்து அந்தக் காசைக் காசநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1904இல் முதல் சீல் வந்தது. அதில் ராணியின் படம். முதல் வருஷமே 40 லட்சத்துக்கு மேல் விற்றது. அங்கிருந்து அது உலகம் முழுவதும் பரவி, காசநோய்ச் சங்கம் வழியாக நம் தாலுகா ஆபீஸ் மேசை வரை வந்தது. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஓவியக் கண்காட்சிதான். ஹால் வாடகை இல்லை, சட்டம் போட வேண்டாம், ஏழையும் ஒரு படம் வாங்கலாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நோயாளிக்கு உதவுவது வேறு, ஆராய்ச்சிக்கு உதவுவது வேறு. இரண்டும் வேண்டும். ஆனால் ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறவன் பலனைக் கண்ணால் பார்க்க மாட்டான். காசநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் சின்ன வயதில் டி.பி. என்றால் ஆசாரிப்பள்ளம் சானடோரியம். மாசக்கணக்கில் படுக்கை. வீட்டில் சம்பாதிக்கிறவன் அங்கே போய்விட்டால் குடும்பம் கும்பி காயும். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கி, 193 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு சானடோரியத்திலும் மற்றதற்கு வீட்டில் வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த பெண்டு பிள்ளைகளுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் இந்த முடிவு வெளிவந்ததும் உலகமே காசநோய்க்குப் பார்க்கும் வைத்தியத்தை மாற்றிக்கொண்டது. அந்த 193 பேரில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. ஆனால் நம் ஊரில் எத்தனையோ அப்பன்மார் வீட்டில் இருந்தபடியே மாத்திரை தின்று பிழைத்தது அவர்களால்தான்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். பேத்தி கேட்டது இதைத்தான்.

இனயத்திலிருந்து கருங்கல் வழியாகப் போனால் நெய்யூர். அங்கே உள்ள மிஷன் ஆஸ்பத்திரியைத் தெரியாத குடும்பம் இந்த மாவட்டத்தில் கிடையாது. லண்டன் மிஷன் அனுப்பிய டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் அங்கே வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். அப்போது இதெல்லாம் திருவிதாங்கூர் ராஜ்யம். கத்தோலிக்கர், சீர்திருத்த சபையார், நாயர், நாடார், முக்குவர், முஸ்லிம் என்று எல்லோரும் போய் நின்ற வாசல் அது.

1922ஆம் வருஷக் கடைசியில் அந்த வாசலுக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். பெயர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல். வயது 32. லண்டனில் படித்த சர்ஜன். முதல் உலகப் போரில் சோம் யுத்தகளத்தில் காயம்பட்டவர்கள் வரிசை வரிசையாகத் தரையில் கிடந்ததைப் பார்த்து மனம் உடைந்தவர். அந்த வருஷம் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தார். அந்தப் பயணம் பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் மாண்டதோடு முடிந்தது. ஊருக்குத் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாம் என்று தெற்கே வந்தவர், நெய்யூரில் ஒரே ஒரு டாக்டர் நோயாளிக் கூட்டத்தின் நடுவே திணறுவதைப் பார்த்தார். சில நாள் கூட நின்று அறுவை செய்து கொடுத்தார். லண்டனில் நல்ல எதிர்காலம் காத்திருந்தது. அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வருஷமே நெய்யூருக்கு வந்து சேர்ந்தார்.

1924இல் மறுபடி எவரெஸ்டுக்குப் போனார். அந்தத் தடவை நார்ட்டனும் அவரும் ஆக்சிஜன் இல்லாமல் 28,000 அடியை ஒட்டிய உயரம் வரை ஏறினார்கள். இறங்கும்போது, குளிரில் கருகிப்போன தொண்டைச் சவ்வு பெயர்ந்து மூச்சை அடைத்துவிட்டது. செத்தோம் என்று பனியில் உட்கார்ந்தவர், கடைசியாகத் தன் நெஞ்சைத் தானே அமுக்கி இருமித் துப்பிப் பிழைத்தார். மல்லரியும் இர்வினும் காணாமல் போனது அதற்குச் சில நாள் கழித்து. மலையிலிருந்து இறங்கி நேராக நெய்யூருக்குத் திரும்பி மறுபடி கத்தியைக் கையில் எடுத்தார்.

இந்த மனுஷன் ஓவியர். சும்மா பொழுதுபோக்குக்கு வரைகிறவர் அல்ல. அவர் படங்களில் பட்டியல் போட்டவை மட்டும் சுமார் 600. அதில் ஏறத்தாழ 200 இமயமலையும் திபெத்தும். மலைமேல் கூடாரத்தில் உட்கார்ந்து, பொட்டலம் மடிக்கிற பழுப்புக் காகிதத்தில் நீர்வண்ணத்தாலும் வண்ணக் கட்டியாலும் வரைவார். லண்டன் ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டியிலும் ஆல்பைன் கிளப்பிலும் அவை மாட்டப்பட்டன. பிற்காலத்தில் அந்த ஆல்பைன் கிளப்புக்கே தலைவரானார். எவரெஸ்டைப் பார்க்கிற ஆசையில் வந்த கூட்டத்துக்கு, இதை வரைந்த கை தென்திருவிதாங்கூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வயிறு அறுக்கிற கை என்று தெரிந்தது. 1936இல் 'ஆஃப்டர் எவரெஸ்ட்' என்று ஒரு புத்தகம் எழுதினார். மலையைப் படிக்கலாம் என்று வாங்கியவன் நெய்யூரையும் சேர்த்துப் படித்தாக வேண்டும். நல்ல யுக்தி.

அவர் காலத்தில் நெய்யூரில் வெறும் வைத்தியம் மட்டும் நடக்கவில்லை, ஆராய்ச்சியும் நடந்தது. நம் ஜனங்களுக்கு வயிற்றுப்புண் ஏன் இவ்வளவு அதிகமாக வருகிறது என்று அவரும் கூட இருந்த டாக்டர் ஆர் என்பவரும் ஆராய்ந்து 1936இல் இங்கிலாந்தின் அறுவை சிகிச்சை இதழில் எழுதினார்கள். அந்தக் காலத்து வைத்தியர்கள் நம் சாப்பாட்டில், மரவள்ளிக் கிழங்கிலும் மிளகாயிலும், காரணம் தேடினார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1980களில், ஆஸ்திரேலியாவில் இரண்டு டாக்டர்கள் வயிற்றுப்புண்ணுக்கு முக்கியக் காரணம் ஒரு கிருமி என்று காட்டி, 2005இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். பாவம், கிழங்கு விடுதலையாயிற்று. ஆராய்ச்சியில் முதல் விடையே சரியாக இருக்கும் என்று இல்லை. கேள்வியைச் சரியாகக் கேட்டு, கண்டதை எழுதி வைத்தால் அடுத்தவன் வந்து திருத்துவான்.

வாய்ப்புற்று விஷயம் அப்படி இல்லை. அதில் நெய்யூர்க்காரர்கள் சொன்னது சரியாகவே இருந்தது. 1908ஆம் வருஷமே நெய்யூர் டாக்டர் பென்டால், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளின் கணக்கைப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார். அதே வருஷம் அதே இதழில், நெய்யூரில் பணிசெய்த டாக்டர் ஃபெல்ஸ் வாய்ப்புற்றுக்குச் செய்த 209 அறுவைகளைப் பற்றி எழுதினார். பிறகு 1933இல், மேலே சொன்ன டாக்டர் ஆர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்றைப் பற்றி லான்செட்டில் ஒரு பெரிய கட்டுரை எழுதினார். வெற்றிலையோடு கன்னத்தில் அடக்கி வைக்கிற புகையிலையின் பக்கம் அது விரலை நீட்டியது. உலகத்தில் வாய்ப்புற்றைப் பற்றி ஆராய்கிறவர்கள் இன்றைக்கும் இந்தக் கட்டுரைகளை எடுத்துக்காட்டுகிறார்கள். அதில் உள்ள நோயாளிகள் யார்? நம் பாட்டன் பாட்டிமார். கன்னத்தில் புண்ணோடு கட்டைவண்டியிலும் மஞ்சலிலும் நெய்யூருக்குக் கொண்டுபோனவர்கள்.

இனி, பேத்தியிடம் போனில் சொல்லாததைச் சொல்கிறேன்.

என் அம்மைக்கு ஒரு பித்தளை வெற்றிலைப் பெட்டி இருந்தது. உள்ளே நாலு அறை: பாக்கு, நூறு, கிராம்பு, புகையிலை. கடற்கரையில் மீன் விற்கப் போகிற பெண்களுக்கு வெற்றிலைதான் காலைச் சாப்பாடு, அதுவே பசிக்கு மருந்து. அப்பா இறந்த பிறகு நாங்கள் காரைக்காலை விட்டு இனயம் வந்தோம். அம்மை தலையில் மீன்பெட்டி சுமந்துதான் என்னை மேற்கொண்டு படிக்க வைத்தாள். எனக்கு 1973இல் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அம்மைக்கு ஒரு சேலை வாங்கினேன். கூடவே குளச்சல் சந்தையில் நல்ல புகையிலையாகப் பார்த்து ஒரு கட்டும் வாங்கிக்கொடுத்தேன். சேலையைப் பார்த்ததை விடப் புகையிலையைப் பார்த்து அம்மைக்குச் சந்தோஷம். "மகன் சர்க்கார் வேலைக்காரன், அவன் வாங்கித் தந்த போயிலை" என்று அடுத்த வீட்டுக்காரிகளுக்கெல்லாம் கிள்ளிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு மாதாமாதம் அது என் கடமையாகிவிட்டது. ஆறு வருஷம் ஒரு மாதம் கூடத் தவறவில்லை.

1979இல் இடது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு தழும்பு வந்தது. நூறு பொள்ளியிருக்கும் என்று அம்மை தேங்காய் எண்ணெய் தடவினாள். நாலு மாதத்தில் அது புண்ணாகி வாய் திறக்க முடியாமல் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருஷமா போயிலை போடுதிய?" என்பதுதான். அறுவையும் நடந்தது, கதிர் வைத்தியமும் நடந்தது. 1981 தவக்காலத்தில் அம்மை போய்விட்டாள். கடைசி மூன்று மாதம் கஞ்சித் தண்ணி மட்டும். பேச்சும் போய்விட்டது. வேண்டியதைக் கையால் காட்டுவாள்.

டாக்டரின் கேள்வி எனக்கு அன்று உறைக்கவில்லை. நான் ஓய்வுபெற்ற பிறகு, இந்த மாவட்டத்து மிஷன் வரலாற்றைத் தேடிப் படிக்கையில்தான் 1908, 1933 என்ற அந்த வருஷங்கள் கண்ணில் பட்டன. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அம்மை பிறக்கும் முன்பே, பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில், இது தெரிந்திருந்தது. லண்டனில் அச்சாகியும் இருந்தது. எனக்கு பிரெஞ்சு தெரியும், இங்கிலீஷ் தெரியும், அரசாங்கக் கோப்பு எழுதத் தெரியும். இது மட்டும் தெரியாது. நாற்பது வருஷத்துக்கு முன் ஒருவர் கண்டுபிடித்து எழுதியது கருங்கல் தாண்டி எங்கள் கடற்கரைக்கு வந்து சேரவில்லை. டி.பி. சீலைப் பலவந்தமாக விற்ற அதே மேசையில், வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு எத்தனை தாய்மார் என் முன் வந்து நின்றிருப்பார்கள்! ஒருவரிடமும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவே, புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்று உண்டாக்கும் என்று உறுதியாக அறிவித்தது 1985இல்தான். புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்று உண்டாக்கும் என்று 2004இல் வெளியிட்டது. ஊர் அறிய இவ்வளவு காலம் ஆகிறது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை போய்விடுகிறதே.

இதனால்தான் இந்தப் பிள்ளைகளின் கண்காட்சியை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. 1987இல் நியூயார்க்கில் 'ஆர்ட் அகெய்ன்ஸ்ட் எய்ட்ஸ்' என்று ஓர் இயக்கம் நடந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட ஓவியக் கூடங்கள் ஒன்றாகச் சேர்ந்து, அக்காலத்து ஓவியர்கள் கொடுத்த படங்களை விற்று, எய்ட்ஸ் ஆராய்ச்சி அறக்கட்டளைக்குப் பணம் கொடுத்தன. நடிகை எலிசபெத் டெய்லர் அதற்கு முன்நின்றார். பணத்தைவிடப் பெரிய காரியம் ஒன்று அதில் நடந்தது. அன்று அந்த நோயின் பெயரைச் சொல்லவே ஆட்கள் கூசினார்கள். அதைச் சுவரில் எழுதி வெளிச்சம் போட்டு வைத்தார்கள். அதற்கு முந்தின வருஷம்தான், 1986இல், சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பதை முதன்முதலாகக் கண்டுபிடித்திருந்தார்கள். இங்கே பலர் அதை நம்பவும் விரும்பவில்லை. 2008இல் நியூயார்க்கில் நடந்த இன்னொரு ஏலத்தில் ஒரே இரவில் 4 கோடி டாலருக்கு மேல் திரண்டது. அந்தப் பணம் ஆப்பிரிக்க நாடுகளில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான திட்டங்களுக்குப் போயிற்று.

நம் நாட்டில் பெரிய தொகை பெரிய மனுஷரிடமிருந்து மட்டும் வந்ததில்லை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். தன் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிடிவாதத்தால் 1954இல் 12 படுக்கையோடு குடிசையில் தொடங்கியது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார்கள். வைத்தியத்தோடு ஆராய்ச்சியையும் விடாமல் நடத்தினார்கள். பொதுஜனங்களின் காசில் வளர்ந்த இடம் அது.

குமாஸ்தா புத்தி போகாது. பேத்திக்கு மூன்று விஷயம் எழுதியிருக்கிறேன்.

ஒன்று, கணக்கு. ஹால் வாடகை, சட்டம் போட்ட கூலி, நோட்டீஸ் செலவு போக மிச்சம் எவ்வளவு என்று கண்காட்சி முடிந்த வாரமே எழுதி ஒட்ட வேண்டும். எந்தக் கணக்குக்குப் பணம் போயிற்று என்பதற்கு ரசீது வாங்கி அதையும் ஒட்ட வேண்டும். தர்மக் காசில் சந்தேகம் விழுந்தால் அடுத்த தடவை நிஜமானவனுக்கும் கிடைக்காது.

இரண்டு, ஓவியனின் கூலி. பாட்டுக்காரரிடமும் படக்காரரிடமும்தான் இனாமாகக் கேட்கிறோம். மேசை நாற்காலி கொண்டுவந்தவனுக்கு வாடகை கொடுத்துவிடுகிறோம். படம் வரைந்த பிள்ளைக்குக் குறைந்தது வண்ணம், துணி வாங்கிய செலவாவது கொடுக்க வேண்டும். அது வேண்டாம் என்று அவன் சொன்னால் அது அவன் தர்மம்.

மூன்று, காசை யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். நீங்கள் கண்டுபிடித்ததை மீன் விற்கிற ஒரு அம்மைக்குப் புரிகிறபடி தமிழில் யார் போய்ச் சொல்வார்கள்? அதற்கும் ஒரு பங்கு ஒதுக்கச் சொல்லுங்கள். நான் கேட்டுக்கொள்வது முக்கியமாக இதைத்தான்.

கடிதம் போன நாலாம் நாள் பேத்தி மறுபடி போன் பண்ணினாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பாட்டா, அந்தப் பெட்டி இப்பவும் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது. அலமாரியில் என் பென்ஷன் புத்தகத்துக்குப் பக்கத்தில். அதைப் பார்த்து வரைய வேண்டுமாம். போட்டோ அனுப்பினால் போதும் என்றாள். நான் புளி போட்டுத் துலக்கி, பழைய வேட்டியில் சுற்றி, சென்னைக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பையனிடம் பெட்டியையே கொடுத்தனுப்பிவிட்டேன். படத்தை நான்தான் வாங்குவேன், சொந்தக்காரன் என்று விலையைக் குறைக்கக் கூடாது, ரசீது வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அவள் கேட்ட நாலு வரியையும் எழுதிவிட்டேன். அந்தப் படத்துக்குக் கீழே அதை ஒட்டப்போகிறார்களாம்:

வெற்றிலையும் புகையிலையும் போட்ட 1,700 பேர் என்று எண்ண வேண்டாம். திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளை நெய்யூர் டாக்டர் 1908இல் எண்ணி எழுதினார்.
வாய்ப்புற்றுக்கும் வெற்றிலைப் பழக்கத்துக்கும் உள்ள உறவை இன்னொரு நெய்யூர் டாக்டர் 1933இல் எழுதினார்.
இந்தப் பெட்டிக்காரி 1981இல் இறந்தாள். அவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை.
பார்க்கிறவர்கள் வீட்டுக்குப் போய் ஒருவருக்காவது சொல்லுங்கள்.